பின்பட்டை கத்துகிறது: எண்ணெயா, புஷ்ஷா, கட்டைப் பிரிப்பதா?

விடியற்காலை மூன்றரை மணிக்கு இலவம்பாடிப் பக்கம் கத்திரிக்காய் மூட்டை ஏற்றப் போகும்போது என் பிக்கப் காலியாக இருக்கும். ஊருக்குள் முதல் வேகத்தடை வந்ததும் பின்னால் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். அடுத்த வேகத்தடையில் இரண்டு. மீதியைத் தெருநாய்கள் பார்த்துக்கொள்ளும். மூட்டை ஏற்றித் திரும்பும்போது சத்தம் பாதியாகிவிடும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போது மறுபடி ஆரம்பம். வீட்டில் மட்டும் இதனால் ஒரு லாபம் இருந்தது. “தெருமுனையில வண்டி கத்துறப்பவே தோசைக்கல்லை அடுப்புல வெச்சிடுவேன்” என்பாள் மனைவி.

கத்தியது பின்பட்டை, அதாவது பின் அச்சின் மேல் வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளின் கட்டு. எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வேஸ்ட் ஆயில் அடி என்றார் ஒருவர், பட்டை முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்று என்றார் இன்னொருவர், பட்டைக் கட்டையே கழற்றிப் போட்டுப் பிரி என்றார் மூன்றாமவர். புது செட் போட்டுவிடு, தலைவலி விட்டது என்றவரும் உண்டு; அவர் ஸ்பேர் கடைக்காரர். இவற்றில் பாதியை நானே செய்து பார்த்தாயிற்று, மீதியைக் கூட ஓட்டுகிறவர்கள் வண்டியில் பார்த்தாயிற்று. எது எந்த வண்டிக்குச் சரி, எதில் காசு வீண் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்த வைத்தியத்துக்கும் போகாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் தடவை பட்டை கத்துகிறது என்று நானே முடிவு கட்டி, ஒரு பட்டறையில் விட்டு, அரை நாள் ஓட்டத்தைக் கெடுத்து, கிரீஸ் வைத்து எடுத்து வந்தேன். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் அதே சத்தம். கடைசியில் பார்த்தால் பின்டோர் கொக்கி. பத்து பைசா பெறாத கொக்கி! அதில் ஒரு துண்டு சைக்கிள் டியூப்பைச் சுற்றியதும் ஒரு சத்தம் ஓய்ந்தது. ஆனால் அது ஓய்ந்த பிறகுதான் அதற்கு அடியில் உண்மையாகவே பட்டையும் முனகிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

பின்பட்டை என்பது ஒரே இரும்பு இல்லை. என் வண்டியில் பக்கத்துக்கு ஏழு பட்டைகள், நீளத்திலிருந்து குட்டைக்கு அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட் போட்டு, அச்சின் மேல் இரண்டு யூ போல்ட் வைத்து இறுக்கியிருக்கிறது. மேலே இருக்கும் மெயின் பட்டையின் இரண்டு முனையிலும் கண் சுருட்டியிருக்கும். முன் கண் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் உள்ள பிராக்கெட்டில், பின் கண் ஆடிக்கொடுக்கும் இணைப்பான சாக்கிளில். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பட்டைகள் நிமிரும், நிமிரும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். ஏழு பட்டை என்றால் ஆறு இடத்தில் உரசல். இந்த உரசல் முழுக்கக் கெட்டது என்று நினைக்க வேண்டாம். துள்ளலை அடக்குவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. இடையில் துருவும் மண்ணும் புகுந்து, வழுக்க வேண்டிய இடம் விட்டு விட்டுப் பிடித்து நழுவும்போதுதான் கிறீச்சிடும்.

ஆக, சத்தம் வரக்கூடிய இடங்கள் மூன்று: பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில், கண்ணில் உள்ள புஷ்ஷில், யூ போல்ட் பிடியில். இவை மூன்றும் மூன்று குரலில் பேசும். ‘கிறீச், கீச்’ என்று நீளமாக இழுத்தால் பெரும்பாலும் பட்டை. கதவுக் கீல் போல முனகினால் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். ‘டக், டக்’ என்று அடித்தால் அது வேறு கதை. அதை எண்ணெய் போட்டு மூடி மறைக்கக் கூடாது.

குரலை மட்டும் நம்பாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, காசும் ஆகாது. சமதரையில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பையன் ஒருவனைப் பின் பம்பரில் ஏறிக் குதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குந்தி, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைச் சாக்கிள் பிராக்கெட்டில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். அப்புறம் முன் பிராக்கெட், அப்புறம் பட்டை முனை. சத்தம் பிறக்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவர் காதுக்குள்ளேயே கத்தும். விரலை மட்டும் பட்டைகளுக்கு நடுவில் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. ஒரு லிட்டர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, வலதுபக்கக் கட்டின் மேல் மட்டும், புஷ்ஷில் படாமல், நன்றாக நனையும்படி ஊற்றுங்கள். குதித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் பட்டைதான். நிற்காவிட்டால் சோப்புத் தண்ணீரைப் புஷ் மேல் விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு இடம் மட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்தால் எதுவும் தெரியாது. என் வண்டியில் வலதுபக்கம் தண்ணீர் பட்டதும் ஊமையாகிவிட்டது. இடதுபக்கம் பாதிதான் குறைந்தது. மீதி பின்சாக்கிள் புஷ். அதாவது ஒரே வண்டியில் இரண்டு நோய். இது தெரியாமல் புஷ் மட்டும் மாற்றியிருந்தால் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

கண்ணாலும் ஒரு சுற்றுப் பாருங்கள். சமதரையில் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறதா? பட்டைகளின் பக்கவாட்டில் குறுக்கே மெல்லிய கோடு மாதிரி செந்தூள் கசிந்திருக்கிறதா? அது விரிசலாக இருக்கலாம். யூ போல்ட் தட்டைச் சுற்றி இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால் கட்டு நகர்கிறது என்று அர்த்தம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கீழே நான் எழுதியிருக்கும் மலிவு வைத்தியங்களை மறந்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போங்கள். சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு கோணலாக நகரும். வண்டி நண்டு மாதிரி ஓடும். பெங்களூரு ரோட்டில், லோடோடு அப்படி ஆக வேண்டாம்.

இனி வைத்தியங்கள். எல்லோரும் முதலில் கை வைப்பது வேஸ்ட் ஆயில். ஆயுத பூஜைக்கு முன்னால் வாட்டர் சர்வீஸ் விட்டால் கடைசியில் பையன் கேட்பான், “அடியில ஆயில் அடிச்சி உட்டுடட்டுமாண்ணா?” என்று. டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து அடிப்பார்கள். நியாயமாகச் சொன்னால் இதில் இரண்டு நன்மை உண்டு. வெளியே வரும்போதே வண்டி வாயை மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் துருவும் ஓரளவு தள்ளிப்போகும். நானும் இரண்டு தடவை அடித்தேன். முதல் தடவை பதினைந்து நாள் அமைதி. இரண்டாம் தடவை பத்து நாள்கூட வரவில்லை. காரணம் நம்ம மண். பாலாற்று ஓரப் பாதையிலும் ஒடுகத்தூர் மண்ரோட்டிலும் கிளம்பும் தூள் எண்ணெய் ஈரத்தில் போய் ஒட்டி, பட்டை இடுக்கில் அரைத்த மாவு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த மாவு வால்வு தேய்க்கும் பேஸ்ட்டின் வேலையைச் செய்யும். உரசல் குறைவதற்குப் பதில் தேய்மானம் கூடும்.

இன்னும் இரண்டு கெடுதல். புஷ் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பி, மெத்தென்று ஆகி, கடைசியில் பிய்ந்து வரும். அதைவிடப் பயம், பின் பிரேக். பிக்கப்பில் பின்னால் டிரம் பிரேக். கண்மூடித்தனமாக அடித்த எண்ணெய் டிரம்முக்குள் கசிந்து லைனிங்கில் பட்டால் ஏலகிரி இறக்கத்தில் பதினான்கு கொண்டை ஊசியையும் எண்ணிக்கொண்டுதான் வர வேண்டும். போதாததற்கு பழைய இன்ஜின் ஆயில் தோலுக்கு ஆகாத பொருள். தினமும் கையில் பட்டால் புற்றுநோய் வரைக்கும் இழுத்துவிடக் கூடியது. சர்வீஸ் பையன்கள் அதை வெறுங்கையோடு அடிப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். என் கணக்கில் இது கழிந்தது.

கேனில் வரும் ஸ்பிரேக்கள் எண்ணெய்க்குத் தம்பி. துரு விட வைக்கும் டபிள்யூடி-40 போன்றவை எல்லோர் வண்டியிலும் ஒன்று கிடக்கும். அந்தப் பெயரில் உள்ள டபிள்யூடிக்கே தண்ணீரை விலக்குவது என்றுதான் பொருள். நாள்பட்ட மசகுக்காகச் செய்ததில்லை. சத்தம் எந்த இடம் என்று கண்டுபிடிக்க, துருப்பிடித்த நட்டைக் கழற்ற, அதற்குப் பிரமாதம். பட்டைக்கு நிரந்தர மருந்தாக நினைத்து வாங்கினால் கேன் கேனாகத் தீரும். சிலிகான் ஸ்பிரே மட்டும் தனி ஜாதி. ரப்பருக்குக் கெடுதல் செய்யாது, மண்ணையும் அவ்வளவாக இழுக்காது. புஷ் லேசாக முனகுகிறது, ரப்பர் இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் அதைக் கொண்டு ஒன்றிரண்டு மாதம் தள்ளலாம்.

அப்புறம் கிராபைட் கிரீஸ், அதாவது கிராபைட் என்ற கரித்தூள் கலந்த கிரீஸ். என் தாத்தா கட்டை வண்டிக்கு மை போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வைக்கோலைக் கருக்கி, ஆமணக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார். சந்தைக்குப் போகும் வழியில் அச்சு கத்தினால் சக்கரத்தைச் சற்று இழுத்து, குச்சியால் ஒரு தடவு. எண்ணெய் காய்ந்து போனாலும் கரி நின்று வேலை செய்யும். கிராபைட் கிரீஸில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். வேலூர் மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது சாதாரண கிரீஸ் இளகி வழிந்துவிடும். கிராபைட் படலம் இரும்பில் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

ஆனால் வெளியே பூசினால் ஒரு பயனும் இல்லை. உள்ளே போக வேண்டும். அதற்கு வண்டியின் எடையைப் பட்டையிலிருந்து எடுக்க வேண்டும். அச்சுக்கு அடியில் ஜாக்கி போடாமல், சேசிஸைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, அச்சைத் தொங்க விட்டால் பட்டை முனைகள் கொஞ்சம் வாய் திறக்கும். அந்த வாயில் மழுங்கிய உளியைச் செருகி, மெல்லிய தகட்டால் கிரீஸை உள்ளே தள்ள வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். செங்கல்லை அடுக்கியும் நிறுத்தாதீர்கள், செங்கல் சொல்லாமல் உடையும். இரண்டு பக்கமும் சேர்த்து எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. முனையிலிருந்து ஒரு சாண் வரைக்கும்தான் கிரீஸ் போகிறது, அதற்கு மேல் உள்ளே இருக்கும் துரு அப்படியே. ஆனாலும் மூன்று மாதம் நிம்மதி கிடைத்தது. கையில் காசு இல்லாத சமயத்தில், துரு அதிகம் ஏறாத வண்டிக்கு, இதைத் தாராளமாகச் செய்யலாம்.

பட்டை முனைகளில் கம்பெனியே பிளாஸ்டிக் பட்டன் அல்லது ரப்பர் பேடு வைத்து அனுப்பும் வண்டிகள் உண்டு. அவற்றில் சத்தம் வந்தால் முதலில் அந்த பேடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தேய்ந்து காகிதமாகியிருக்கும், இல்லை எங்கோ விழுந்து ஓட்டை மட்டும் இருக்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பைத் தளர்த்தி, எடை எடுத்து, முனையை நெம்பிப் புதியது வைத்தால் வேலை முடிந்தது. இருக்கிற வழிகளிலேயே செலவுக்குப் பலன் அதிகம் இதில்தான். பேடு வைத்த வண்டியில் எண்ணெயோ கிரீஸோ தேவையே இல்லை, வேண்டுமானால் சிலிகான்.

பேடு வராத வண்டிக்கு வெளியே வாங்கி வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. குடியாத்தம் பக்கத்தில் தேங்காய் லோடு அடிக்கும் நண்பர் ஒருவர் பழைய இருபது லிட்டர் கேனை வெட்டி, முழு நீளத்துக்கும் பட்டை பட்டையாகச் செருகிக் கட்டிவிட்டார். முதல் மாதம் வண்டி பூனை மாதிரி போனது. மூன்றாம் மாதம் ‘டக்’ என்று அடிக்க ஆரம்பித்தது. நடுவில், யூ போல்ட் இறுக்கும் இடத்தில் மாட்டிய பிளாஸ்டிக் எடையில் நசுங்கி நசுங்கி மெலிய, யூ போல்ட் தானாகத் தளர்ந்துவிட்டது. இரும்பும் இரும்பும் நேராக அழுந்த வேண்டிய இடம் அது. முனைகளில் மட்டும், அதுவும் அதற்கென்றே செய்த கெட்டியான துண்டுகளை வையுங்கள். நடுவை விட்டுவிடுங்கள்.

பழைய காலத்தில் இதற்கு வேறொரு வைத்தியம் இருந்திருக்கிறது. 1920, 30-களில் இங்கிலாந்துக் கார்களில் பட்டைக் கட்டு முழுவதையும் தோல் உறை போட்டு மூடி, உள்ளே கிரீஸ் அடைத்து, ஷூ மாதிரி நாடா கட்டி வைப்பார்களாம். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க நமக்குத் தோலுக்குப் பஞ்சமா என்று எனக்கு ஒரு நப்பாசை. பட்டறை பாயிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “தம்பி, உள்ள தண்ணி போச்சின்னா வெளிய இன்னா தெரியும்? பட்டை அறுந்தப்புறம்தான் தெரியும். தோலுல செருப்பு தெச்சிப் போட்டுக்கோ.”

புஷ் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பட்டறைகளில் அதிகம் கெடுவது இங்கேதான். ரப்பர் புஷ் சுழலாது. போல்ட்டை இறுக்கியதும் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் பிராக்கெட்டோடு கெட்டியாகிவிடும்; வெளிப்பக்கம் பட்டையின் கண்ணைப் பிடித்துக்கொள்ளும்; நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். இப்போது, வண்டியைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்ட நிலையிலேயே போல்ட்டை முழுக்க இறுக்கினால் என்ன ஆகும்? கீழே இறக்கியதும் பட்டை நிமிர, ரப்பர் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓடாமல் நிற்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. ஆறு மாதத்தில் கிழியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் எனக்குச் செய்தது அதுதான். புஷ் மட்டமான சரக்கு என்று நான் கடைக்காரரோடு சண்டை போட்டது இன்னொரு கூத்து. போல்ட்டைக் கையால் மாட்டி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியை இரண்டு குதி குதிக்க வைத்து, தன் எடையில் நிற்கும்போது கடைசி இறுக்கு. பக்கத்தில் நின்று இதை மட்டும் பாருங்கள். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

புஷ்ஷில் எது? ரப்பருக்குத்தான் என் ஓட்டு. அமைதி, கிரீஸ் வேண்டாம், விலையும் குறைவு. பாலியூரிதேன் என்று கலர் கலராக வருவது உழைக்கும், எண்ணெய்க்கும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது கண்ணுக்குள் சுழலுகிற வகை, சிலிகான் கிரீஸ் காய்ந்தால் ரப்பரைவிட மோசமாகக் கத்தும். சத்தத்தை நிறுத்தப் போய் சத்தத்தை விலைக்கு வாங்கிய கதையாகிவிடும். லாரிகளில் இருப்பது போல வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் வைத்த முளையும் இருந்தால் அது கிரீஸ் கன்னுக்குக் கட்டுப்பட்டது. பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடித்தால் போதும். அந்த வகை வண்டிக்காரர்கள் மூன்று பத்தி முன்னாலேயே படிப்பதை நிறுத்தியிருக்கலாம். பாதிப் பேருக்கு நிப்பிள் மண்ணில் அடைத்துக் கிடப்பதுதான் முழு நோயும்.

கட்டைக் கழற்றிப் பிரிப்பது பெரிய வேலை. எனக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் 2021 நவம்பர். பாலாற்றில் அப்படி ஒரு வெள்ளம் வந்த வருடம், தரைப்பாலங்களில் தண்ணீர் வழிய வழிய வண்டி விட்டிருக்கிறேன். அச்சு வரை நனைந்தது, உள்ளே போன வண்டல் அங்கேயே காய்ந்தது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து எவ்வளவு கிரீஸ் தள்ளினாலும் மேல்பூச்சுதான்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு இருக்கிறது. புரட்டாசியில் பாதி ஊர் கறியை விட்டுவிடும், காய்கறி லோடு கூடும். அப்போது வண்டியை நிறுத்த முடியாது. அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழை. ஆகவே ஆவணிக் கடைசியில் ஒரு நாள் ஓட்டத்தை விட்டுக்கொடுத்து, காலை எட்டு மணிக்குப் பாய் பட்டறையில் நிறுத்தினேன்.

யூ போல்ட் நட்டுகள் அசையவில்லை. பெரிய ஸ்பேனரில் குழாய் மாட்டி இருவர் தொங்கினார்கள். இடதுபக்கக் கட்டு தரையில் விழுந்து, சென்டர் போல்ட்டை அறுத்ததும் ஏழு பட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி விரிந்தன. நடுவிலிருந்து கொட்டியது செந்நிறத் துகள், ஒரு உழக்கு இருக்கும். மூன்றாம் பட்டையின் முனை, இரண்டாம் பட்டையின் அடியில் நகக்கண் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தது. விரல் வைத்தால் தட்டியது. பாய் அந்தப் பட்டையைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். மணி மாதிரி ஓசை. அடுத்ததைத் தட்டினார், அதுவும் மணி. ஐந்தாவது மட்டும் பானை உடைந்த மாதிரி மந்தமாகச் சொன்னது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தால், சென்டர் போல்ட் ஓட்டையிலிருந்து ஓரம் வரை முடி மாதிரி ஒரு கோடு.

அந்த ஒரு கோட்டைப் பார்த்ததும் எட்டு மாதம் எண்ணெயும் ஸ்பிரேயுமாக ஓட்டிய என் புத்திசாலித்தனம் முழுவதும் இறங்கிவிட்டது. வெல்டிங் வைத்தால் ஆகாதா என்று வாய் தவறிக் கேட்டும்விட்டேன். “வெல்டிங் வெச்சா பக்கத்துலயே அறுக்கும்” என்றார். உண்மைதான். பட்டை உறுதியாக இருப்பது அதற்குக் கொடுத்த பதத்தால். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். அந்த ஒரு பட்டைக்கு மட்டும் அதே அளவில் புதியது வந்தது. மற்றவற்றைத் துரு போகத் தேய்த்து, முனைப் பள்ளங்களைச் சமப்படுத்தி, கிராபைட் கிரீஸ் மெல்லியதாகத் தடவி (அப்பிவிட வேண்டாம், பிதுங்கி வெளியே வந்து மண் பிடிக்கும்), யூ போல்ட் அழுந்தும் நடுப்பகுதியைத் துடைத்துச் சுத்தமாக விட்டுக் கட்டினோம். சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் புதியது. ஒருமுறை இழுபட்ட யூ போல்ட்டை மறுபடி போடக் கூடாது. அதில் மிச்சம் பிடிப்பது கழுத்துக்குக் கத்தி. புஷ் நான்குமே மாற்றினேன், கட்டு கழன்றிருக்கும்போது அதற்குத் தனிக் கூலி இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு வண்டி தரையில்.

புது செட் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பட்டைக்கு மேல் விரிசல், அல்லது காலி வண்டியே வளைவு இல்லாமல் நேராக உட்கார்ந்துவிட்டது என்றால் பழையதைப் பிரித்துக்கொண்டிருப்பது கூலி தண்டம். புதியது போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒருபக்கம் மட்டும் போட்டால் வண்டி சாயும். வளைவு போன பட்டையைக் காய்ச்சி அடித்து வளைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சரியான பதம் திரும்ப ஏற்ற உலை இல்லாத இடத்தில் அது நான்கு மாதத்தில் மறுபடி படுத்துவிடும். இரண்டு மூன்று தடித்த பட்டையோடு வரும் பாரபாலிக் வகையில் உரசல் இடமே குறைவு, அதனால் சத்தமும் குறைவு. அதற்காக, ஏழு பட்டை வண்டியில் அதை மாட்டக் கிளம்ப வேண்டாம். நீளம், கண், தாங்கும் கனம் எல்லாம் அந்த வண்டிக்கென்று கணக்குப் போட்டு வைத்தது.

அதேபோல் “பிரிச்சது பிரிச்சோம், ஒரு பட்டை எக்ஸ்ட்ரா போட்டுடலாமே” என்ற யோசனை எல்லாப் பட்டறையிலும் வரும். பட்டை தாங்கும், சரி. அச்சுக்கூடும் பிரேக்கும் சேசிஸும் தாங்க வேண்டுமே? ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் கனம் பட்டையை எண்ணி மட்டும் எழுதியதில்லை. போதாக்குறைக்கு உரசும் இடமும் ஒன்று கூடுகிறது. காலி வண்டி கட்டை மாதிரி குதிக்கும்.

எனக்கு இன்று யாராவது வந்து எதைச் செய்யட்டும் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். வண்டி புதுசு, வாரண்டியில் இருக்கிறது என்றால் கையை வைக்காமல் ஷோரூமில் விடுங்கள், பேடுதான் இருக்கும். மூன்று நான்கு வருட வண்டி, தண்ணீரில் இறங்காதது, தார் ரோடு ஓட்டம் என்றால் தண்ணீர்ச் சோதனை செய்து புஷ்ஷோ முனைக் கிரீஸோ எது தேவையோ அது மட்டும். அதற்கு மேல் வயதானது, மண்ரோடு, வெள்ளம், லோடு எல்லாம் பார்த்தது என்றால் ஒரு நாளை இழந்து கட்டைப் பிரித்துவிடுங்கள். சத்தம் நிற்பது அதில் கூடுதல் லாபம்தான். ஐந்தாம் பட்டையின் கோடு தட்டிப் பார்க்காமல் எனக்குத் தெரிந்திருக்காது. வேஸ்ட் ஆயிலை மட்டும் எந்த வண்டிக்கும் சொல்ல மாட்டேன்.

500 கிலோமீட்டர் ஓடியதும் வந்து யூ போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொண்டு போ என்று பாய் சொல்லியிருந்தார். இதைச் சொல்கிற பட்டறை குறைவு, சொன்னாலும் திரும்பப் போகிறவர்கள் அதைவிடக் குறைவு. புதுக் கிரீஸும் புது இரும்பும் படிந்து உட்காரும்போது பிடி கொஞ்சம் தளரும். ஆறாம் நாள் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, மூட்டைத் தூசியோடு அப்படியே பட்டறைக்குப் போனேன். பையன் எதிரெதிர் மூலையாக, பக்கத்துக்கு நான்காக எட்டு நட்டிலும் ஸ்பேனர் போட்டான். ஏழு அசையவில்லை. இடதுபக்கப் பின் நட்டு ஒன்று மட்டும் கால் சுற்று வந்தது.